பண்ணைவீட்டுக்கு ஒரு ஜோடி சேவல்

ஸெலிந்தாவுக்குப் பண்ணைவீடு என்றாலே மூக்கு சுருங்கிவிடும். வெளியூர்க்காரர்கள் கீழே சாலையில் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரம் நிற்கும் அந்த வழியையும் உச்சியில் இருக்கும் மஞ்சள் வீட்டையும் பார்த்து வாயைப் பிளப்பார்கள். சியெனாவிலிருந்து வந்த ஒருவர் அதைப் படமாகவே வரைந்துகொண்டு போனார். அவருக்கென்ன! அந்த வீட்டுப் படுக்கைவிரிப்பை அவரா துவைத்தார்?

துவைத்தவள் ஸெலிந்தா. சின்னப் பெண்ணாக அம்மாவோடு மேலே போய்த் துவைக்க ஆரம்பித்தவள், கல்யாணமாகி ஒரேஸ்தேயின் மனைவியாகப் பெத்ரெல்லா என்கிற நிலத்துக்கு வந்த பிறகும் அதே தொட்டியில் அதே அழுக்கைத்தான் துவைத்தாள். பிறந்த வீடும் அந்தப் பண்ணையின் வாரக்குடி, புகுந்த வீடும் அந்தப் பண்ணையின் வாரக்குடி. தொட்டியில் அவள் நிற்கும் இடம்கூட மாறவில்லை.

வாரம் என்றால் எங்கள் பக்கம் சரிபாதி. கோதுமையில் பாதி, ஆலிவ் எண்ணெயில் பாதி, திராட்சை ரசத்தில் பாதி, அடிக்கிற பன்றியில் பாதி மேலே போகும். அதைப் பற்றி ஸெலிந்தா ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. நிலம் அவர்களுடையது, முதுகு நம்முடையது, பேசினபடி பாதி, சரி. பாதிக்கு மேல் தொற்றிக்கொண்டு வந்ததுதான் அவளுக்குத் தொண்டையில் அடைத்தது. ஈஸ்டருக்கு முட்டை கொடுக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்குக் காயடித்த சேவல் ஒரு ஜோடி கொடுக்க வேண்டும். வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை பெண்கள் எல்லாரும் மேலே போய்க் கூலியில்லாமல் துவைத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் அதற்கும் காரியஸ்தர் நென்சோனி தலையாட்ட வேண்டும். முதலாளி ஃபிளாரன்ஸில் இருந்தார். செப்டம்பரில் வந்து திராட்சை தின்றுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் நென்சோனிதான் முதலாளி.

மேலே துவைப்பதென்றால் ஆறு மாத அழுக்கு. பரணில் குவித்துப் போட்டிருப்பார்கள். பெரிய மண்தொட்டியில் அடுக்கி, மேலே ஒரு துணி விரித்து, அதில் சாம்பலைக் கொட்டி, கொதிக்கிற தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். அடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் கையால் உதற வேண்டுமே, அங்கேதான் குடல் புரளும். நென்சோனி நாள் முழுக்கச் சுருட்டை எரிக்காமல் மெல்லுகிற ஆள். அவனுடைய கைக்குட்டைகள் பழுப்புச் சளி காய்ந்து அப்பளம்போல் விறைத்துக் கிடக்கும். விருந்தாளிகளின் விரிப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத்து நிலத்து ஆர்ஜியா ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "மேல இருக்கறவங்கள கும்பிடறதுக்கு முன்னால இத ஒருதரம் மோந்து பாக்கணும்டி" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அந்த வேலையை மனுஷி செய்ய முடியாது.

ஒரே ஒருதரம் யாரும் சிரிக்கவில்லை. ஆர்ஜியாவின் மகள் நுன்ஸியாவை நென்சோனி குளிர்காலத்துக்குப் பண்ணைவீட்டுச் சமையலறை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டான். ஈஸ்டருக்கு அவள் வீட்டுக்குத் திரும்பியபோது முகத்தில் ரத்தமே இல்லை, வாயில் பேச்சும் இல்லை. அறுவடைக்கு முன்பே அவளைச் சியெனாவில் கன்னிமாடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த வசந்தத்தில், எண்ணெய் அறைக்குப் பின்னால் கிடக்கும் கட்டிலின் மெத்தையுறையும் அழுக்கோடு வந்தது. எல்லாருக்கும் புரிந்தது. அதைத் தேய்த்தது ஆர்ஜியாதான், பெற்ற தாய். தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை, ஸெலிந்தாவும்தான். தூ, என்ன பிழைப்பு!

ஸெலிந்தாவுக்கு ஒரு மகள், இல்வா. அவளுக்குக் கீழே இரண்டு பையன்கள், இன்னும் கலப்பை பிடிக்கிற வயதில்லை. இல்வாதான் அந்த நிலத்தில் அப்பாவுக்கு அடுத்த ஆள். அரிவாள் பிடித்தால் ஆண்களுக்கு ஈடு கொடுப்பாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்யும் கீனோ அவளைக் கேட்டான். நல்ல பையன், யாருக்கும் வாரக்குடி இல்லை, அதுவே பெரிய விஷயம். சூளை முதலாளி அவனிடம், "ஜனவரியில ஒரு ரூம் காலியாகுது. கல்யாணமானவனுக்குத்தான் குடுப்பேன். நீ இல்லேன்னா வேற ஒருத்தன்" என்று சொல்லியிருந்தார். அறை இல்லையென்றால் கீனோ வடக்கே வேலை தேடிப் போக வேண்டியதுதான். போனவன் எவன் திரும்பி வந்தான்?

ஆனால் ஒரு பெண் வீட்டைவிட்டுப் போனால் நிலத்துக்கு இரண்டு கை குறைகிறது என்பது பண்ணைக் கணக்கு. ஒரேஸ்தே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டுமுறை போய்க் கேட்டான். நென்சோனி சுருட்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளி, "பாக்கலாம்" என்றான். மூன்றாம் முறை, "கிறிஸ்துமஸுக்குச் சேவல் கொண்டுவருவீங்கல்ல, அன்னிக்குச் சொல்றேன். பொண்ணையும் கூட்டிட்டு வா" என்றான்.

சேவலுக்குக் காயடிப்பது எங்கள் பக்கம் வீட்டுத் தலைவியின் வேலை. ஆகஸ்டில் இளஞ்சேவலை மடியில் மல்லாத்தி, அடிவயிற்றில் கீறி, விரலை உள்ளே விட்டு இரண்டு விதையையும் எடுத்து, தையல் போட்டு, எண்ணெயும் சாம்பலும் பூசி விட வேண்டும். கொண்டையையும் தாடியையும் அறுத்துவிட வேண்டும். பார்க்கச் சகிக்காத வேலை. ஸெலிந்தா அதில் கைதேர்ந்தவள். துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் போச்சு, அது மறுபடி வளரும். சேவல் கொழுக்காது, கறி தோலாகும், கொண்டை மறுபடி சிவக்கும், ஒருநாள் கூவியும் வைக்கும்.

அந்த ஆகஸ்டில் இரண்டாவது சேவல் அவள் மடியில் கிடந்தபோதுதான் இல்வா ஓடிவந்து, "அம்மா, கீனோ கேட்டுட்டான்!" என்றாள். ஸெலிந்தாவுக்குக் கை அவசரப்பட்டது. விரலில் வந்தது முழுசா பாதியா என்று பார்க்காமல் தைத்துவிட்டாள். நவம்பரில் அந்தச் சேவலின் தலையில் சிவப்பு துளிர்த்தது. வேறு சேவலும் இல்லை. கத்தரிக்கோலை எடுத்து அந்தத் துளிரை அறுத்து, சாம்பலை அப்பி விட்டாள். எடை குறையாமலிருக்க வீட்டுப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த சோளமாவை அதற்கு ஊட்டினாள். பையன்களுக்கு அவரைக்காய்க் கஞ்சி, சேவலுக்குச் சோளக்களி. சேவல் கண்ணை மூடி விழுங்குவதைப் பார்த்தால் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

கிறிஸ்துமஸுக்கு முன்வாரம் எல்லாக் குடும்பமும் பண்ணைவீட்டு முற்றத்தில் நின்றது. ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். காரியஸ்தரின் மனைவி எர்ஸீலியா அம்மாள் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சேவலாக வாங்கினாள். நெஞ்சு இறகை வாயால் ஊதிப் பிரித்து, தோல் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்து, நென்சோனியிடம் நீட்டுவாள். அவன் கட்டைவிரலால் நெஞ்செலும்பை அழுத்திப் பார்ப்பான். சுருட்டு எச்சில் ஊறிய அந்த விரல் எத்தனை வீட்டுச் சேவலைத் தடவியதோ!

ஆர்ஜியா கொடுத்துவிட்டு ஒதுங்கினாள். ஸெலிந்தா முதல் சேவலை நீட்டினாள். அம்மாள் ஊதினாள், தலையாட்டினாள். இரண்டாவதை நீட்டினாள். அம்மாள் குனிந்து ஊதினாள். அந்தச் சனியன் கழுத்தை நீட்டி, அவள் முகத்துக்கு நேராக, கரகரத்த குரலில் ஒரு கூவு கூவியது.

முற்றத்தில் சிரிப்பு வெடித்தது. அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சேவல் மறுபடியும் கூவியது.

நென்சோனி விரலால் அதன் தலையில் இருந்த சாம்பலைச் சுரண்டினான். உள்ளே சிவப்பு தெரிந்தது. "அடேங்கப்பா" என்றான். "கொண்டைக்குச் சாயம் பூசற வேலையெல்லாம் கத்துக்கிட்டீங்களா? ஏய் ஒரேஸ்தே! உன் வீட்டுல யாருய்யா ஆம்பள? இந்தச் சேவலா, நீயா?"

ஆண்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். "உன் பெண்டாட்டி கத்தியத் தப்பான எடத்துல வச்சுட்டாய்யா, வீட்டுல போய்ச் சரி பாத்துக்க!" என்றான் நென்சோனி மறுபடி.

ஒரேஸ்தேயும் சிரித்தான். தொப்பியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, கடைவாய்ப் பல்லெல்லாம் தெரிய ஈ என்று இளித்தான். "ஐயா சொன்னா சரிதான்யா" என்றான். ஸெலிந்தா அவனைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் ஒரே தட்டில் ரொட்டி நனைத்துத் தின்ற ஆள். இவனோடா படுத்தோம் என்று உடம்பு கூசியது.

"சரி, கல்யாண விஷயம்" என்றான் நென்சோனி. இல்வாவைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டான். அவள் வந்து நின்றாள். அவளுடைய முன்கையைப் பிடித்து, சட்டைக் கையை முழங்கை வரை தள்ளி, சேவல் நெஞ்சை அழுத்தினானே அதே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். "நல்ல கை. இதச் சூளைக்காரன் கொண்டுபோனா என் நெலத்துக்கு யாரு?" அழுத்திய விரலை எடுக்கவில்லை. "ஒண்ணு செய்யலாம். ஏமாத்துச் சேவல் கொண்டுவந்ததுக்கு ஈடா பொண்ணு ஈஸ்டர் வரைக்கும் இங்க சமையலறையில இருக்கட்டும். எங்க வீட்டம்மாவுக்கும் கைக்கு ஆள் இல்ல. ஈஸ்டருக்கு அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசலாம்."

எர்ஸீலியா அம்மாள் சட்டென்று தன் மடியில் ஒட்டிய இறகைப் பொறுக்க ஆரம்பித்தாள். இதையெல்லாம் பார்த்தும் பாராமல் இருக்கப் பழகிய கண் அது. ஆர்ஜியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஈஸ்டருக்குள் சூளை அறை போய்விடும், கீனோ போய்விடுவான், இல்வா என்னவாகித் திரும்புவாள் என்பது அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். சிரித்த ஆண்களுக்கும் தெரியும்.

"ஐயா பெரிய மனசு" என்றான் ஒரேஸ்தே. "அப்படியே அனுப்பிடறேன்யா."

ஸெலிந்தா மகளின் கையை அந்த விரலிலிருந்து பிடுங்கினாள்.

"அனுப்பமாட்டேன்" என்றாள்.

"என்னம்மா?" என்றான் நென்சோனி, சிரிப்பு மாறாமல்.

"அந்த எண்ணெ ரூம் மெத்தையுறைய நாங்கதான் தொவச்சோம் ஐயா. அதுல என்ன இருந்துச்சுன்னு இங்க நிக்கற பொம்பளைங்க எல்லாத்துக்கும் தெரியும். எம் பொண்ணு வரமாட்டா."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நென்சோனி சுருட்டை எடுத்தான், காலடியில் துப்பினான். "அப்ப வேற நெலம் பாத்துக்குங்க" என்றான். அதோடு அவன் அடுத்த வீட்டுச் சேவலுக்குக் கையை நீட்டினான். அந்த வீட்டுக்காரி அவசரமாகக் கொடுத்தாள்.

ஸெலிந்தா கூவின சேவலைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு இறங்கினாள். ஒரேஸ்தே பின்னாலேயே ஓடிவந்தான்.

"பாவி, பாவி! உன் நாக்கு அழுகிப்போக! என் தாத்தன் காலத்துலேருந்து இருக்கற நெலம்டி! ஈஸ்டர் வரைக்கும்தானே கேட்டாரு!"

"ஈஸ்டர் வரைக்கும் என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாதா?"

அவன் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டான். "தெரியும்" என்றான். "தெரியாம என்ன? ஊருக்கே தெரியும். அதுக்குன்னு எல்லாரும் தெருவுக்குப் போகணுமா?"

ஸெலிந்தா பாதையோரம் குனிந்து நிஜமாகவே வாந்தியெடுத்தாள். இல்வா அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பக்கம் அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கல்யாணம் ஜனவரியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், கீனோவின் ஊர்க் கோயிலில் நடந்தது. எங்கள் ஊர்ப் பாதிரியார் காரியஸ்தர் வீட்டில் சாப்பிடுகிறவர், அவர் நாள் குறிக்கவே மாட்டேன் என்றுவிட்டார். வாரக்குடிகளில் ஒருவரும் வரவில்லை, ஆர்ஜியாவைத் தவிர. அவள் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, யாரிடமும் பேசாமல் போனாள். விருந்துக்கு அந்தச் சேவலைத்தான் அடித்தார்கள். நாள் முழுக்க வெந்தும் செருப்பு மாதிரி இருந்தது. "அத்தே, இதக் கடிக்கறதுக்குச் சூளையில ரெண்டு செங்கல்லக் கடிக்கலாம்" என்றான் கீனோ. ஸெலிந்தா அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரித்ததோடு சரி. எங்கள் பக்கம் குடி பெயர்வதென்றால் நவம்பரில், புனித மார்த்தீன் திருநாளில்தான். அதுவரை அந்த வருஷம் முழுக்க, தனக்கில்லை என்று தெரிந்த மண்ணையே உழுது, விதைத்து, அறுத்து, பாதியை மேலே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பக்கத்து வீட்டு ஆண்கள் வழியில் பார்த்தால் வேலிப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். காரியஸ்தர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சந்தையில் கைகுலுக்கிக்கொள்கிற கூட்டம், வாய்க்காரி வீடு என்று பேர் பரவிவிட்டது. ஒரேஸ்தே போய்க் கேட்ட இடத்திலெல்லாம் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் தெற்கே களிமண் மேட்டில், கோடையில் கிணறு வற்றுகிற ஒரு நிலம் கிடைத்தது. வேறு எவனும் எடுக்காததால் கிடைத்தது. ஒரேஸ்தே வீட்டுக்குள் அவளிடம் பேசுவதை நிறுத்தியிருந்தான். உப்பு வேண்டுமென்றாலும் மகனைவிட்டுத்தான் கேட்பான். அவளுக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

மார்த்தீன் திருநாளன்று மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. வண்டியில் கட்டில், மாவுப்பெட்டி, கோழிக்கூடு எல்லாம் ஏற்றிக் கட்டி முடிப்பதற்குள் புதுக்குடும்பத்தின் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அதிலிருந்து ஒரு பெண்பிள்ளை முதலில் குதித்தாள், பதினைந்து பதினாறு வயசிருக்கும், கன்னமெல்லாம் குளிரில் சிவந்திருந்தது. அவள் தாய் பின்னால் இறங்கி, அடுப்பைப் பார்த்தாள், தொழுவத்தைப் பார்த்தாள், ஸெலிந்தாவிடம் வந்தாள்.

"கெணத்துத் தண்ணி எப்படிக்கா?"

"நல்ல தண்ணி. வத்தாது."

"அப்பாடா. காரியஸ்தர் எப்படி?"

வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒரேஸ்தே ஒரு வருஷத்தில் முதல்முறையாக அவளிடம் நேரடியாகப் பேசினான். "வாய மூடிட்டு ஏறுடி. போற எடத்துலயாவது வாழணும்."

ஸெலிந்தா காதில் வாங்கவில்லை. அந்தத் தாயின் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனாள். "இங்க பாரும்மா. பொண்ண சமையலறைக்கு அனுப்புன்னு சொல்லுவான். நல்லவன் மாதிரிதான் கேப்பான். என்ன சொன்னாலும் அனுப்பாத. எங்கள வெரட்டினதே அதுக்குத்தான். கேட்டியா? அனுப்பாத."

அந்தப் பெண்மணி தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். ஸெலிந்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அனுப்பறேன்னு ஒத்துக்கிட்டதாலதான்க்கா இந்த நெலமே குடுத்தாங்க" என்றாள். "திங்கக்கெழமயிலேருந்து போறா."

மகள் ஒரு மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து, வழிவிடும்படி இருவரையும் பார்த்துச் சிரித்தாள். தாய் விலகி நின்றாள். ஸெலிந்தாவும் விலக வேண்டியிருந்தது.